மச்சானைத் திருப்பப் போன அலவாங்கு

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வவுனியாவில் கண்டி பஸ் ஏறினேன். என்னிடம் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று உடுப்புப் பை. மற்றது கோணிச் சாக்கில் சுற்றிய ஐந்தடி அலவாங்கு, பாறை பெயர்க்கும் இரும்புக் கடப்பாரை. டிக்கெட் இருநூற்று நாற்பது ரூபா. கொண்டக்டர் அலவாங்குக்கு நூறு ரூபா கேட்டான்.

"அது சீட்டில இருக்காது, தண்ணி கேக்காது, வாந்தி எடுக்காது. அதுக்கு எதுக்கடா டிக்கெட்?" என்றேன்.

"ஆள விட நீளம் அண்ணே" என்றான்.

ஐம்பதில் முடிந்தது. போர் முடிந்து பாதை திறந்த பிறகு பஸ்காரர்கள் பயணிகளைப் பிழியும் விதத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது வேண்டாம்.

அலவாங்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்கிற வேலை எனக்குப் பிடிக்காது.

எஸ்தர் என் அக்கா. எழுபத்தேழாம் வருடத்து இனக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. அக்கா அப்போது புதிதாகக் கல்யாணம் ஆனவள், புருஷனோடு அங்கேயே தங்கிவிட்டாள். அந்தப் புருஷன், சாமுவேல் மச்சான், போன ஆகஸ்டில் செத்துப்போனார். அடக்கத்துக்குக் கிளம்பிய நான் மண்சரிவில் பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது.

வேதக்காரர் என்று சொல்லப்படும் எங்கள் கிறிஸ்தவர் வழக்கம், செத்தவரின் காலைக் கிழக்கே நீட்டி அடக்குவது. ஆண்டவர் திரும்ப வரும்போது கிழக்கிலிருந்து வருவார், எழுந்திருப்பவர் நேரே அவர் முகத்தைப் பார்த்து எழுந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. தோட்டத்தில் வேதக்காரர் ஆறு குடும்பம்தான். குழி வெட்டுகிறவர்கள் எல்லாரும் இந்துக்கள், கூலி வாங்காமல் வெட்டுகிறவர்கள். அவர்கள் வழக்கம் தலையைத் தெற்கே வைப்பது. அன்றைக்குக் கொட்டிய மழையில், பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாத மூட்டத்தில், அவர்கள் பழக்கப்படி வெட்டிவிட்டார்கள். போதகர் குடையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார். ஒருவரும் கவனிக்கவில்லை. மழை விட்டு, சிலுவை நட்டு, ஒரு வாரம் கழித்து அக்கா போய்ப் பார்த்தாள். மற்றச் சிலுவைகள் எல்லாம் ஒரே வரிசையில் கிழக்கைப் பார்க்க, மச்சானுடையது மட்டும் வடக்கே பார்த்து நின்றது.

எட்டு மாதம் மனதில் வைத்திருந்து, ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்குப் போன் எடுத்தாள்.

"டேய், ஈஸ்டருக்கு வா. வரும்போது ஒரு அலவாங்கு கொண்டா."

"அங்க இல்லாத அலவாங்கா?"

"இங்க கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க."

"எதுக்கு?"

"ஒன் மச்சானத் திருப்பிப் படுக்க வைக்கணும்."

போனை வைத்துவிட்டாள். நான் அரை மணி நேரம் தனியாக நின்று திட்டினேன். பிறகு என் வண்டி திருத்தும் கராஜில் இருந்த நல்ல அலவாங்கைத் தேடி எடுத்தேன்.

மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை. தம்புள்ளை வரை வெயில் பஸ்ஸுக்குள் வந்து மடியில் உட்கார்ந்திருந்தது. மாத்தளை தாண்டியதும் காற்று மாறும். அதைச் சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள் அந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் பட்டபோது எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. எழுதாவிட்டால் பொய்யாகும்.

பதினொரு மணிக்குக் கண்டி குட்ஷெட் பஸ் நிலையம். இறங்கி நாற்பது அடி நடப்பதற்குள் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சாக்கைப் பிரிக்கச் சொன்னார். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை இருக்கிற ஊரில், லீவு நாளில், ஒரு தமிழன் ஐந்தடி இரும்போடு நடந்தால் நிறுத்தத்தான் செய்வார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், கராஜ்காரன்.

"இது எதற்கு?" என்று கேட்டார்.

"மச்சான் வீடு கோணலாக நிற்கிறது ஐயா. நேராக்க வேண்டும்."

"தோட்டத்து வீடா? அங்கே எல்லா வீடும் கோணல்தான்" என்று சொல்லிச் சிரித்துப் போகவிட்டார். நான் சொன்னது பொய் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மரக்கறிச் சோறு நூற்றறுபது ரூபா. பருப்பில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், அறுபத்திரண்டு ரூபா. பேராதனைப் பாலம் தாண்டும்போது மகாவலி செம்மண் நிறத்தில் ஓடியது. மலையில் மழை என்று அர்த்தம்.

பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், கெலிஓயாவில் சீலைக்கடை வைத்திருப்பவர். கொஞ்ச நேரம் பொறுத்தார், பிறகு கேட்டார்.

"தம்பி, காலுல குத்துது. என்னது இது, துவக்கா?"

"துப்பாக்கி இல்ல, அலவாங்கு காக்கா" என்றேன். முஸ்லிம்களின் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

"பெரிய வெள்ளி நாளையில அலவாங்கு கொண்டு எங்க போறீங்க?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"எங்கட ஆக்களயும் மக்கத்துக் கிப்லாப் பக்கம் முகத்த வெச்சித்தான் அடக்குவம். ஒங்கட ராத்தாக்கு மனசு கேக்காதுதான்" என்றார். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

"அப்ப திருப்பத்தான் வேணும் என்றீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "கடல்ல மூழ்கி மௌத்தான ஆக்களும் ஈக்கிறாங்கதானே தம்பி. மீன் தின்ட ஆக்கள். அவங்களுக்கு எது கிழக்கு, எது மேற்கு? அல்லாஹ்வுக்கு அவங்கள எழுப்பத் தெரியாதா?"

"இத எங்க அக்காவுக்குச் சொல்லுங்க பாப்பம்."

"பொம்புளைக்கு நியாயம் சொல்லப் போறவன் நான் இல்ல" என்று எழுந்தார். கெலிஓயா வந்திருந்தது. "திரும்பி வரக்குள்ள கடைக்கு வந்து சொல்லுங்க, என்ன நடந்த என்டு." இறங்கும்போது அலவாங்கைத் தானே தூக்கி, என் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

இரண்டரைக்கு நாவலப்பிட்டி. மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் பக்கம் நின்ற த்ரீவீலரில் தோட்டத்துக்குப் பதினொரு கிலோமீட்டர், எழுநூறு ரூபா. தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன், துரைமார் வழக்குப் போடுவார்கள். பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பிறந்தபோது இருந்த குழிகள் அப்படியே இருக்கின்றன, பெரிதாக வளர்ந்துமிருக்கின்றன. கடைசி ஒரு கிலோமீட்டர் த்ரீவீலர் ஏறாது என்றுவிட்டது. அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். என் வலது முழங்கால் பத்து வருடமாகக் கெட்டது, மேட்டில் ஏறினால் பிரேக் பிடித்த சக்கரம் மாதிரிக் கத்தும்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் அக்கா நின்றாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், மெலிந்த உடம்பு, குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"கொண்டாந்தியா?"

"வாடா தம்பி, எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல" என்றேன்.

"நீ நல்லாத்தான் இருக்க. வயிறு தெரியுது. சாக்க உள்ள வையி, யாரும் பாத்துடப் போறாங்க."

பெரிய வெள்ளிக் கஞ்சியும் தேங்காய்ச் சம்பலும் தந்தாள். குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன். இறந்தவரை எழுப்புகிறவருக்கு ஒரு பக்கம் திருப்பிவிடத் தெரியாதா, இது என்ன பைத்தியம் என்று கேட்டேன். நான் தேன் தடவிப் பேசுகிற ஆள் இல்லை.

"ஒனக்கென்னாடா தெரியும்?" என்றாள். "அவரு கழுத்து."

மச்சான் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். இருபது வருடத்துக்கு முன்னால் லொறியிலிருந்து மூட்டையோடு விழுந்தார். அன்றிலிருந்து கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து திரும்ப வேண்டும். ஸ்டியரிங் இறுகிப்போன வண்டியை ஆள் சேர்ந்து திருப்புகிற மாதிரி. அதற்குள் கூப்பிட்டவர் இரண்டு கடை தள்ளிப் போயிருப்பார்.

"ஆண்டவர் வந்து கூப்புடுறாரு. எல்லாரும் எழும்பி நேரே பாக்குறாங்க. இந்த மனுசன் மட்டும் ஃபெக்டரி மலையப் பாத்துக்கிட்டு நிப்பாரு. திரும்புறதுக்குள்ள எல்லாரும் போயிருவாங்கடா. பஸ்ஸக்கூட அப்படித்தான எத்தன தடவ விட்டாரு?"

கேட்கச் சிரிப்பாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்த மனுசன் தனியாக விடப்படுவதைப் பார்த்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொன்னாள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அந்தத் தோட்டத்தில் ஈஸ்டர் விடியற்காலையில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கர்த்தருடைய கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்பதால், இங்கேயும் பெண்கள் மட்டும் இருட்டோடு விளக்கு எடுத்துக்கொண்டு மயானத்துக்கு ஏறுவார்கள். ஆண்கள் கீழே, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பார்கள். வெளுக்கும்போது பெண்கள் மலையிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வருவார்கள், "எழுந்துட்டாரு! எழுந்துட்டாரு!" ஆண்கள் நம்பக் கூடாது. "பொம்பளைங்க பேச்ச எவன் நம்புவான்?" என்று ஒருவர் சொல்ல வேண்டும். பெண்கள் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள், வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த திட்டெல்லாம் அன்றைக்கு வரும். பிறகு எல்லாரும் சேர்ந்து மேலே ஓடிப் போய்ப் பாடுவார்கள்.

முன்னால் ஓடி வருகிறவள் அக்கா. "எவன் நம்புவான்" என்று சொல்கிறவர் மச்சான். முப்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான்.

"இந்த வருசம் நான் போகல" என்றாள். "கோணலாப் படுத்துக் கெடக்குற மனுசன அங்க விட்டுட்டு, எந்த வாயால நான் எழுந்துட்டாருன்னு ஓடி வருவேன்? திருப்பு, ஓடுறேன். இல்லாட்டி விடு. இனிமே நான் அந்தப் பக்கமே போகல, கோயிலுக்கும் போகல."

அக்கா சொன்னால் சொன்னதுதான். எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்தைச் சமமாகப் பிரிக்கவில்லை, மூத்தவள் நிறைய எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மழை இல்லை. மயானத்தைப் பார்க்கத் தனியாக ஏறினேன். தேயிலைக்கு உதவாத ஒரு கல்லுமேட்டை வெள்ளைக்காரத் துரை காலத்தில் செத்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது பத்தடி அறை, செத்த பிறகு பாறை. ஆனால் இடம் அழகானது. கீழே லயங்கள், வடக்கே ஃபெக்டரியின் தகரக் கூரை, சுற்றிலும் பச்சை.

கல்லறையை அளந்து பார்த்தேன். காரியம் லேசில்லை. பெட்டியைக் குழிக்குள் வைத்துத் திருப்ப முடியாது, குறுக்கே புதுக்குழி வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் பக்கத்தில் படுத்திருப்பவரின் காலில் இடிக்கும். அடியில் பாறை. கெட்ட முழங்காலோடு என்னால் தனியாக ஆகாது.

அதனால் யாருக்கும் தெரியக்கூடாது என்ற அக்காவின் எண்ணத்தை மீறினேன். நேரே ராமையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். மச்சானுக்குக் குழி வெட்டியவர் அவர்தான். ஃபெக்டரியில் மச்சானோடு ஒன்றாக மூட்டை தூக்கியவர். அக்காவைத் தங்கச்சி என்றும் மச்சானை மாப்ள என்றும் கூப்பிடுகிறவர். சாமி கும்பிடாமல் காலைத் தேத்தண்ணி குடிக்காத மனுசன்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாத்தி வெட்டிட்டேனா?"

"ஆமாண்ணே."

"நம்ம ஆளுகள எப்படி வைப்பமோ அப்படித்தான் தம்பி வெட்டுனேன். தெக்க தல வச்சாத்தான் நல்ல போக்கு. மாப்ளைக்கு நல்லது செய்யிறதாத்தான் நெனச்சேன்." பிறகு கோபம் வந்தது. "எட்டு மாசமா தங்கச்சி எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து வெத்தல போடுது. ஒரு வார்த்த சொல்லல பாருங்க! நான் என்ன அந்நியனா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் வாசலில் பார்த்தாள். அவள் என்னைத் திட்டியதை இங்கே முழுதாக அச்சடிக்க முடியாது.

"அந்த மழையில, பாறையப் பேத்து, கையெல்லாம் ரத்தமா வெட்டுன மனுசன்டா! அவருகிட்டப் போயி மாத்தி வெட்டிட்டீங்கன்னு சொல்லிருக்கியே, ஒனக்கு மனசுன்னு ஒன்னு இருக்கா?"

"அவ ஒன்னும் சொல்லல, நீங்க ஒன்னும் கேக்கல, நான்தான் பாவி" என்று அண்ணனிடம் சொன்னேன். "வாங்க, போய் வெட்டுவோம்."

மூன்று பேரும் ஏறினோம். மேலே போனால் அங்கே போதகர் நிற்கிறார். நாவலப்பிட்டியிலிருந்து மோட்டார்சைக்கிளில், நாளைய ஆராதனைக்கு இடம் பார்க்க வந்திருக்கிறார். முப்பது வயதுக்குள் இருக்கும், போன வருடம்தான் மாற்றலாகி வந்தவர். அலவாங்கையும் மண்வெட்டியையும் பார்த்தார்.

"இதெல்லாம் எதற்கு அண்ணன்?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "கோர்ட் அனுமதி இல்லாமல் கல்லறையைத் தோண்டக் கூடாது. பொலிஸ் கேஸ் ஆகும். அன்றைக்கு நான்தான் கவனித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேதத்தில் திசையைப் பற்றி..."

"வேதத்த நீங்க நாளைக்குச் சொல்லுங்க ஐயா" என்றாள் அக்கா. "இன்னக்கி எனக்கு அவரு கழுத்தப் பத்திச் சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. ராமையா அண்ணனுக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

"கழுத்துக்கும் இதுக்கும் என்னா தங்கச்சி?"

அக்கா சொன்னாள். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள், கடைசியில் பஸ் விட்ட கதையோடு.

ராமையா அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டார். கல்லறையின் கால்மாட்டில் போய், சிலுவைக்கு முதுகைக் காட்டி, ஃபெக்டரியைப் பார்த்து நின்றார்.

"இரு தங்கச்சி, செஞ்சு பாப்போம். இப்ப மாப்ள எழும்பிட்டாரு. இந்தா, இப்படி நிக்கிறாரு. ஒங்க சாமி அந்தால கெழக்க இருந்து வர்றாரு. வந்து, சாமேலுன்னு கூப்புடுறாரு. மாப்ள என்னா செய்வாரு?"

கழுத்தை மரக்கட்டை மாதிரி விறைத்தார். இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். சின்னச் சின்ன அடியாக வைத்து, "ஆ... ஆ... இருங்க... வந்துட்டேங்க... போயிராதீங்க..." என்று முனகிக்கொண்டே திரும்ப ஆரம்பித்தார்.

சாமுவேல் மச்சானேதான். இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்த ஆள் செய்கிறார். முகத்தைச் சுளிப்பது, பாதி வழியில் நின்று மூச்சு விடுவது, எல்லாம் அப்படியே. முதலில் சிரித்தவர் போதகர். சிரித்துவிட்டு, கல்லறையில் சிரித்தோமே என்று கையால் வாயைப் பொத்தினார். பிறகு நான். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் முழுதாகத் திரும்பி முடித்து, யாரும் இல்லாத தேயிலைச் செடிகளைப் பார்த்து, "அடடா, போயிட்டாங்களா?" என்றதும் அவளும் வெடித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எட்டு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிறகு லயத்தில் சொன்னார்கள்.

சிரிப்பு நடுவில் சட்டென்று நின்றது.

"அண்ணே, இருங்க" என்றாள். "அந்தக் கழுத்தோடவா அவரு எழும்புவாரு?"

போதகர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். நல்ல பிள்ளை, மூடிக்கொண்டார்.

அக்கா சிலுவைக்குக் கிட்டப் போய்க் குந்தினாள். அதன் நடுக்கட்டையைக் கையால் தடவினாள். மச்சானின் பிடரிக்கு ஒவ்வொரு இரவும் எண்ணெய் தேய்த்த கை அது.

"இருபது வருசம் தேச்சேனே, கொறையல" என்றாள். "அந்தக் கழுத்தையா ஆண்டவர் திருப்பிக் குடுக்கப் போறாரு? புதுசுல்ல குடுப்பாரு! நான் ஒரு மடச்சி. செத்த கழுத்த நெனச்சுக்கிட்டே அழுதுருக்கேன் பாரேன். மனுசன எழுப்புவாருன்னு நம்புனேன், கழுத்த நம்பல."

"அப்ப மாப்ள சட்டுன்னு திரும்பிருவாரா?" என்றார் ராமையா அண்ணன்.

"சும்மா இப்படி" என்று அக்கா தன் கழுத்தை வெடுக்கென்று கிழக்கே திருப்பிக் காட்டினாள். காட்டிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

நான் அந்த இடத்தில் முப்பது வருடப் பிரசங்கங்களை நினைத்துப் பார்த்தேன். சரீரத்தின் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறோம். ஒருவனாவது கழுத்து, முழங்கால், பிடரி என்று நினைத்துச் சொல்லியிருப்பானா? நான் சொன்னதில்லை. வாடகை கட்டுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

அக்கா எழுந்து சேலையைத் தட்டினாள். "டேய், அலவாங்கச் சுத்து. வீட்டுக்குப் போவோம், நாளைக்கு முட்டை அவிக்கணும்." பிறகு, "அண்ணே, எனக்கும் இவருக்குப் பக்கத்துல, இதே மாதிரி வெட்டணும். வடக்கப் பாத்து. ரெண்டு பேரும் ஒன்னாத் திரும்பிக்கிறோம்."

"ஒனக்கு முன்னால நான் போயிட்டா?"

"எழும்பி வந்து வெட்டுங்க."

"எங்க ஆளுகளுக்கு அந்த ஏற்பாடு இல்லையே தங்கச்சி."

"ஒங்களுக்காக நான் கேக்குறேன்" என்றாள். அதை விளையாட்டாகச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. ராமையா அண்ணனும் சிரிக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார்.

ஞாயிறு, விடிவதற்கு முன். மடுவத்தின் சிமெந்துத் தரையில் ஆண்கள் சாக்கை விரித்துப் படுத்திருந்தோம். குளிர் எலும்பைக் கடித்தது. வேதக்காரர் ஒன்பது பேர். இந்துக்கள் அதைவிடக் கூட, ராமையா அண்ணன் முதல் ஆளாக. வேடிக்கைக்கும், பிறகு கிடைக்கும் தேத்தண்ணிக்கும் வருகிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மேலே பெண்களின் விளக்குகள் தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறின.

மச்சானின் வசனத்தை யார் சொல்வது என்று பேச்சு வந்தது. எல்லாரும் என்னைக் காட்டினார்கள். எஸ்தரின் தம்பி, வாய்க்காரன். நான் தலையாட்டினேன். நாலு வார்த்தைதானே.

வானம் சாம்பல் நிறமானது. மேலே ஒரு சத்தம் எழுந்தது. விளக்குகள் சிதறின, இறங்கத் தொடங்கின, பிறகு ஓடத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விளக்கு. அறுபத்திரண்டு வயதுக்காரி அந்தச் சரிவில் செருப்பில்லாமல் ஓடி வருகிறாள், சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு. அந்தக் குரல் மலைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"எழுந்துட்டாரு! எழுந்துட்டாரு! டேய், எழுந்துட்டாருடா!"

மடுவத்து வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், வரவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். திட்டுவதற்கு ஒருநாளும் வார்த்தை தேடாதவன் நான், அன்றைக்கு அந்த நாலு வார்த்தைக்குத் தடுமாறினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நம்பவில்லை என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல முடியவில்லை.

ராமையா அண்ணன் விலாவில் குத்தினார். "சொல்லுங்க தம்பி, பொம்பளைங்க குளிர்ல நிக்கிறாங்க."

"பொம்பளைங்க பேச்ச..." என்றேன். "எவன் நம்புவான்" என்பதை அவரே முடித்து வைத்தார், கூரை அதிர.

"நம்பாட்டிக் கெட, மூதேவி!" என்று அக்கா கத்தினாள். மச்சானுக்கு முப்பது வருடம் சொன்ன பதில். "வந்து பாரு! வந்து பாத்துட்டுப் பேசு!" பிறகு பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கள்ளுக்கடை, சீட்டாட்டம், போன வருடம் கூரை பிரித்துவிட்டுக் கட்டாதது, எல்லாம் வந்தது. ஆண்கள் சாக்கை உதறிவிட்டு ஓடினோம். என் முழங்கால் கத்தியது. கத்தட்டும் என்று ஓடினேன். மேலே பாடினார்கள். மச்சானின் வடக்குப் பார்த்த சிலுவையில் அக்கா சாமந்திப் பூமாலை ஒன்றைப் போட்டிருந்தாள், வேறெந்தச் சிலுவையிலும் இல்லாத அளவுக்குப் பெரியது.

மத்தியானம் கிளம்பினேன். அலவாங்கை ராமையா அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். "மாப்ளயத் திருப்ப வந்தது, எனக்கு வாழைக் கன்னு நட உதவும்" என்றார். அக்கா அவித்த முட்டை ஆறும் தேயிலைத் தூள் ஒரு பக்கட்டும் தந்தாள். "முழங்காலுக்கு எண்ண தேய்டா" என்றாள். அவ்வளவுதான் விடைபெறுதல்.

கெலிஓயாவில் இறங்கி சீலைக்கடைக்குப் போனேன். பெரியவர் கல்லாவில் இருந்தார்.

"திருப்பினீங்களா?"

"இல்ல காக்கா. அவரே திரும்பிக்குவார் என்டு அக்கா சொல்லிட்டாள்."

அவர் சந்தோஷப்பட்டு எனக்குப் பிளேன்டீ வரவழைத்தார். நான் இரண்டு முட்டை கொடுத்தேன். அக்காவுக்குச் சேலை எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார், வியாபாரி வியாபாரிதான். எடுத்தேன். விலையில் பத்து ரூபாகூடக் குறைக்கவில்லை. அடுத்த முறை போகும்போது கொடுக்க வேண்டும்.

வவுனியா தட்டையான ஊர். எங்கள் மயானமும் தட்டை. எல்லாரும் கிழக்கைப் பார்த்து, பேக்கரி முன்னால் பாண் வரிசையில் நிற்கிற மாதிரி ஒழுங்காகப் படுத்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு மைக் கட்டுகிறோம், பந்தல் போடுகிறோம், பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து நான் தூங்குகிறேன். ஒருவரும் ஓடுவதில்லை. ஓட மேடு இல்லை என்பது சாக்கு.

திங்கட்கிழமை காலை ஒரு லொறிக்குக் கீழே போக முழங்காலை மடித்தேன். பழைய சத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"முழங்கால் முறிஞ்சு போச்சா? ஏன் சிரிக்கிறீங்க?"

"ஒன்றுமில்லை" என்றேன். "இது தற்காலிகமாக மாட்டி வைத்த பாகம். புதுசு வரும்."